வரவுக்கும் ஒரு தேதி உண்டு: வகுப்பறையில் வரவு செலவுக் கணக்கு கற்பிக்க முழுமையான வழிகாட்டி

7ஆம் வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 10 பாடவேளைகளில் வரவு செலவு சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஜூலையில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.

புதிதாக இதை எடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் நாளே கரும்பலகையில் சதவீதம் எழுதுகிறார்கள்: பாதி தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டுக்கு அது பொருந்தும். நெல்லைச் சீமையில் பாதி வகுப்புக்கு அப்படியில்லை. பீடி சுற்றும் வீட்டில் வாரச் சம்பளம், வாழை போட்ட வீட்டில் தார் வெட்டினால்தான் பணம், நெல் என்றால் கார், பிசானம் என்று பூவுக்குப் பூ, அதாவது அறுவடைக்கு அறுவடை. அந்தப் பிள்ளைகளுக்கு ‘எவ்வளவு’ என்பதற்கு முன்னால் ‘எப்போது’ என்ற கேள்வி நிற்கிறது. அதனால் இங்கே பாடவரிசை தேதியில் தொடங்குகிறது. தொகையும் சதவீதமும் பின்னால் வரும்.

1. முன்கூட்டியே சேகரிக்க வேண்டியவை

40 பேர் வகுப்பு என்றால் ஐந்து ஐந்து பேராக 8 குழு. தேவைப்படுபவை:

புளியங்கொட்டை 1 கிலோ. ஒரு கொட்டை 100 ரூபாய்.
மூடியுள்ள டப்பா 8.
பழைய மாதக் காலண்டர் தாள் 8. பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும்.
ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு.
குழுவுக்கு ஒரு நீல மைப் பேனா, ஒரு சிவப்பு மைப் பேனா.

ரூபாய் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் ‘பொம்மைப் பணம்’ செய்யலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ரூபாய் நோட்டைப் போலத் தோன்றும் தாளை அச்சடிப்பதே சட்டப்படி தண்டனைக்குரியது. அதோடு, தாளை வேடிக்கை பார்ப்பதிலேயே பாடவேளை போய்விடும். கொட்டைக்கு எடை உண்டு, சத்தம் உண்டு. டப்பா காலியாவது காதுக்கே கேட்கும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள், அது விஷம்.

தலைமையாசிரியரின் அனுமதி இரண்டுக்கு வேண்டும். இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுப்பதற்கு ஒன்று, 8ஆம் படியில் வரும் விற்பனைக்கு ஒன்று. பெற்றோருக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்புங்கள். அதில் அவசியம் இருக்க வேண்டிய வரி: ‘வீட்டு வருமானம் பற்றிப் பிள்ளைகளிடம் எதுவும் கேட்கப்படாது.’

2. வீட்டுக் கணக்கைக் கேட்காமல் தொடங்குங்கள்

‘உங்க வீட்டுல மாசம் எவ்வளவு வருது?’ என்று கேட்ட வகுப்பு அன்றோடு மூடிக்கொள்ளும். சொல்லக் கூசுகிற பிள்ளை பொய்த்தொகை சொல்லும், அதிகம் வரும் வீட்டுப் பிள்ளை சத்தமாகச் சொல்லும். அதன்பிறகு எந்தக் கணக்கும் உண்மையாக வராது. வட்டிக்குக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளையும் வட்டி கட்டும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

கேட்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் தெரிந்த பொதுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள். வரி இவ்வளவு, நன்கொடை இவ்வளவு, மேளம், வில்லுப்பாட்டு, பந்தல், மைக் செட், மீதி இவ்வளவு. அதில் என்னென்ன தலைப்பு வந்தது என்று கேளுங்கள். பின்பெஞ்சுப் பையன்தான் முதலில் கை தூக்குவான். கரும்பலகையில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

பிறகு ஒரு கேள்வி: ‘மேளக்காரருக்கு அட்வான்ஸ் எப்ப கொடுத்தாங்க? வரி எப்ப வசூலாச்சு?’ அட்வான்ஸ் முன்னால் போயிருக்கும், வரி பின்னால் வந்திருக்கும். நடுவில் யாரோ ஒருவர் கைப்பணத்தைப் போட்டிருப்பார். தேதி என்ற விஷயம் இப்படித்தான் வகுப்புக்குள் நுழைய வேண்டும். ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

3. 14 நாள் நோட்டு

நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, என்ன, வரவு, செலவு, கையிருப்பு. இதை 14 நாள் எழுத வேண்டும். 7 நாள் போதாது. முதல் வாரம் எழுதுவதே புதுமையாக இருக்கும்; இரண்டாம் வாரத்தில்தான் வழக்கமான செலவு வெளியே வரும்.

பிள்ளைகள் விட்டுவிடுவது கடைசிக் கட்டத்தைத்தான். அதுதான் முக்கியமானது. தினம் சாயங்காலம் கையில் உள்ள சில்லறையை எண்ணி, நோட்டில் வரும் கையிருப்போடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். எண்ணாமல் கழித்து மட்டும் எழுதினால் அது கணக்குப் பாடமாகிவிடும், பணம் எங்கே போனது என்று தெரியாது.

கணக்கு உதைத்தால் பிள்ளைகள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மிட்டாய் 5 ரூபாய் என்பதை 8 ரூபாயாக்கிச் சரிக்கட்டுவார்கள். அதைத் தடுக்க முதல் நாளே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: ஒத்துவராத தொகையை ‘தெரியாத செலவு’ என்று தனி வரியில் எழுதினால் குறை இல்லை, திருத்தி எழுதினால்தான் குறை. முதல் வாரத் ‘தெரியாத செலவை’யும் இரண்டாம் வாரத்ததையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கைச்செலவுக்குக் காசே வாங்காத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களைத் தனியே அடையாளம் காட்டிவிடாமல் இருக்க, எல்லோருக்கும் மூன்று தேர்வு கொடுங்கள்: சொந்தக் கைச்செலவு, வீட்டுக்குக் கடைக்குப் போய்வந்த கணக்கு, வகுப்புப் பொதுக் கணக்கு. எதை எடுத்தாலும் கட்டம் ஒன்றுதான்.

நோட்டை நீங்கள் வாசிக்கக் கூடாது. பக்கம் நிரம்பியிருக்கிறதா, கையிருப்புக் கட்டம் தினமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. மூன்று வீடுகள், ஒரே தொகை

நோட்டு எழுதும் 14 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டைகளைத் தயார் செய்யுங்கள். மூன்று வீட்டுக்கும் மாத வரவு 18,000. தொடக்கக் கையிருப்பு 1,000. செலவும் ஒன்றே. வேறுபடுவது வரவின் தேதி மட்டும்.

மாதச் சம்பள வீடு: 1ஆம் தேதி 18,000.
வாரச் சம்பள வீடு: 7, 14, 21, 28 தேதிகளில் 4,500 வீதம்.
வாழையும் பாலும் உள்ள வீடு: 10, 20, 30 தேதிகளில் பால் பணம் 2,000 வீதம், 18ஆம் தேதி தார் விற்று 12,000.

செலவு அட்டை, மூன்று வீட்டுக்கும்:

1, 8, 15, 22: காய், மீன் 1,200 வீதம்
3: மாத மளிகை 4,000
5: மகளிர் குழுக் கடன் தவணை 2,000
8: கரண்ட் பில் 600
12: கேஸ் சிலிண்டர் 900
15: டியூஷன் 1,000
20: கொடை வரி 1,500
25: கல்யாண மொய் 1,000
27: பஸ், ரீசார்ஜ் 700

கூட்டினால் 16,500. மூன்று வீட்டிலும் மாதக் கடைசியில் 2,500 மிஞ்ச வேண்டும். விலைகள் உங்கள் ஊரில் மாறினால் தொகையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்று வீட்டின் மொத்தமும் சமமாகவே இருக்க வேண்டும். அது சமமாக இல்லாவிட்டால், ‘அவங்க வீட்டுல வருமானம் கம்மி சார், அதான்’ என்று பிள்ளைகள் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

8 குழுவில் 2 குழுவுக்கு மாதச் சம்பள வீடு, 3 குழுவுக்கு வார வீடு, 3 குழுவுக்கு வாழை வீடு. எந்த வீடு யாருக்கு என்று சீட்டு குலுக்கிக் கொடுங்கள். சொந்த வீட்டை ஒத்த அட்டையே ஒரு பிள்ளைக்கு விழுந்தாலும் அதைத் தேர்ந்து கொடுத்ததாக இருக்காது.

5. ஒரு மாதத்தை 80 நிமிடத்தில் ஓட்டுவது

இதற்கு இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வேண்டும். 15ஆம் தேதியில் மணி அடித்துப் பாதியில் நிறுத்தினால், மறுநாள் டப்பாக்களில் கொட்டை கலந்திருக்கும். திரும்பத் தொடங்க முடியாது.

குழுவில் ஒருவர் டப்பா, ஒருவர் நோட்டு, ஒருவர் கடைக்குப் போகிறவர், ஒருவர் கடன் எழுதுகிறவர், ஒருவர் எண்ணிச் சரிபார்க்கிறவர். சரிபார்ப்பவர் டப்பாவைத் தொடக் கூடாது, எண்ணச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும்.

ஆசிரியர் தேதியைச் சத்தமாகச் சொல்கிறார். வரவோ செலவோ உள்ள தேதி 17தான் இருக்கிறது. தேதிக்கு 3 நிமிடம் கொடுத்தால் 51 நிமிடம். மற்ற நேரம் பேச்சுக்கு. ஒவ்வொரு தேதியிலும் ஒரே வரிசை: முதலில் வரவை வாங்கு, பிறகு செலவைக் கட்டு, பிறகு எண்ணு, கடைசியில் எழுது. இந்த வரிசை குழுவுக்குக் குழு மாறினால் 1ஆம் தேதி போன்ற நாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு விடை வரும்.

கொட்டை தீர்ந்தால் ஆசிரியர் மேசையிலிருந்து கடன். கடனைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். வரவு வந்ததும் முதலில் கடனைத் திருப்பிவிட்டு மீதியைத்தான் டப்பாவில் போட வேண்டும். இந்த முதல் ஓட்டத்தில் வட்டி இல்லை. வட்டியையும் சேர்த்தால் தேதியால் வந்த தொல்லை எது, வட்டியால் வந்த தொல்லை எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பள வீடு ஒரு நாளும் கடன் வாங்காது. வார வீடு 1ஆம் தேதியே 200 ரூபாய் கடன் வாங்கும். 5ஆம் தேதி கடன் 6,200 ஆகிவிடும். 7ஆம் தேதி 45 கொட்டை எண்ணிக் கொடுப்பீர்கள். அவ்வளவையும் அந்தக் குழு அப்படியே திருப்பித் தர வேண்டும், அப்படியும் 1,700 பாக்கி நிற்கும். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, ‘சார், சம்பளம் வந்த அன்னைக்கே கை காலி’ என்பார்கள். பதில் சொல்லாதீர்கள், அடுத்த தேதியைச் சொல்லுங்கள்.

வாழை வீட்டின் பள்ளம் இன்னும் ஆழம். 15ஆம் தேதி கடன் 9,100 வரை போகும். 18ஆம் தேதி தார் விற்ற பணம் வந்து ஒரே நாளில் கடன் அடைந்து 2,900 மிஞ்சும். அந்தக் குழு அன்றைக்குக் கொண்டாடும். கையில் திடீரென்று பணம் புரளும் நாளில்தான் தேவையில்லாத செலவு நுழைகிறது என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

30ஆம் தேதி எண்ணினால் எட்டு டப்பாவிலும் 25 கொட்டை. யாரிடமும் சிவப்பு மைக் கடன் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு குழுவும் தன் கையிருப்பை மேலும் கீழுமாகக் கோடு வரைந்து சுவரில் ஒட்டட்டும். கடன் நடுக்கோட்டுக்குக் கீழே வர வேண்டும். மூன்று விதமான கோடுகளும் ஒரே இடத்தில் போய் முடிவதைப் பிள்ளைகள் பார்க்கும்போது நீங்கள் விளக்கவேண்டியது மிச்சமிருக்காது.

ஏதாவது ஒரு குழுவில் 31, 35 அல்லது 37 வந்தால் தவறு பெரும்பாலும் 8 அல்லது 15ஆம் தேதியில்தான் இருக்கும். அந்த இரண்டு நாளிலும் இரண்டு செலவு, ஒன்றை விட்டுவிடுவார்கள்.

6. பள்ளத்தை நிரப்ப: தொகையைத் தொடாமல் தேதியை நகர்த்துதல்

அடுத்த பாடவேளையில் வார வீட்டை எடுத்து ஒரு கேள்வி: ஒரு ரூபாய் செலவைக்கூடக் குறைக்காமல் 6,200 பள்ளத்தைக் குறைக்க முடியுமா? முதலில் எல்லோரும் மொய்யைத்தான் வெட்டச் சொல்வார்கள். அது விதிக்குள் வராது என்று நிறுத்துங்கள்.

மளிகையை 3ஆம் தேதி மொத்தமாக 4,000-க்கு வாங்காமல், சம்பள நாளன்று 1,000 வீதம் நான்கு தடவையாக வாங்கினால் என்ன ஆகும்? பெரும் பள்ளம் 6,200-லிருந்து 2,200-க்கு வந்துவிடும். குழுக் கடன் தவணையை 5ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் 1,600. மாதக் கடைசியில் மிஞ்சிய 2,500-ஐ அப்படியே அடுத்த மாதத்துக்குக் கையிருப்பாக விட்டால் பள்ளம் வெறும் 100. ஒவ்வொரு கட்டத்தையும் கொட்டையை வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் நிற்காது.

இதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கால் கிலோ வாங்கினால் கிலோ கணக்கைவிடக் கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடும் என்பதை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து பொருளுக்குக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நாமே நம்பிக்கொண்டிருப்போம். ஷாம்பு போன்ற சில பொருளில் சின்னப் பாக்கெட் மலிவாக அமைவதுண்டு. மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் தெரியும். நீங்களே ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

கடைப்பற்று பற்றியும் இங்கேயே பேசலாம். பற்று நோட்டு வைத்துச் சாமான் தரும் கடைக்காரர் இந்தப் பள்ளத்தைத்தான் நிரப்புகிறார். அதைக் கெட்ட வழக்கம் என்று முத்திரை குத்தாதீர்கள். நோட்டின் ஒரு பிரதி வீட்டிலும் இருக்க வேண்டும், வாங்கிய அன்றே எழுத வேண்டும் என்ற இரண்டு பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

7. செலவைப் பிரிப்பதும் வட்டியும்

‘தேவை, ஆசை’ என்று இரண்டு கட்டம் போட்டால் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்வார்கள். அதைவிட இரண்டு கேள்வி நல்லது: தள்ளிப்போட முடியுமா? குறைக்க முடியுமா? ஒவ்வொரு செலவுக்கும் இரண்டையும் கேட்டால் நான்கு வகை தானாகக் கிடைக்கும். மீன் குறைக்கலாம். கேஸ் தள்ளவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ரீசார்ஜ் குறைக்கலாம், ரொம்பத் தள்ள முடியாது.

மொய்யையும் கொடை வரியையும் ‘வீண் செலவு’ கட்டத்தில் போடும் ஆசிரியர்கள் உண்டு. அது தப்பு. மொய் நோட்டில் எழுதியது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வருகிறது. நமக்கு அவர்கள் செய்ததைத்தான் நாம் திருப்பிச் செய்கிறோம். வட்டியில்லாக் கடன் கணக்கு மாதிரிதான். கொடை வரியைத் தராமல் இருந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது. ஆடிக் கொடைக்கு 1,500 என்றால் பங்குனியிலிருந்து மாதம் 300 எடுத்துவைத்தால் ஐந்து மாதத்தில் சேர்ந்துவிடும்.

வட்டிக்கு ஒரு முழுப் பாடவேளை. ‘ரெண்டு வட்டி’ என்றால் என்ன என்று கேட்டால் பாதி வகுப்பு ‘ரெண்டு சதவீதம்’ என்று சொல்லும். 100-க்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24. ‘அஞ்சு வட்டி’ வருடத்துக்கு 60. வாழை வீட்டின் 9,100-ஐ ஒரு முழு மாதம் அஞ்சு வட்டிக்கு வாங்கினால் 455. அந்த வீட்டில் அந்த மாத வரவில் செலவு போக மிச்சமே 1,500தான்.

அடுத்தது தண்டல். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘10,000-க்கு 1,000, அப்ப 10 சதவீதம்’ என்பார்கள் பிள்ளைகள். 90 கொட்டையை ஒருவரிடம் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகத் திருப்பி வாங்குங்கள். பாதி நாளிலேயே பாதிப் பணம் போய்விட்டதை அவர்கள் பார்ப்பார்கள். சராசரியாகக் கையில் இருந்தது 4,500 அளவுதான். 4,500-க்கு 100 நாளில் 1,000 வட்டி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பதைச் சொல்லுங்கள். நகையை அடகு வைக்கவேண்டிய நிலை வந்தால் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் நகைக்கடன் உண்டு என்பதையும் சொல்லுங்கள். அதற்குமேல் யார் வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

8. அசல் பணம்: சுண்டல் கடை

கொட்டையில் கற்றதை அசல் பணத்தில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். விளையாட்டு விழா அல்லது பெற்றோர் கூட்டத்தன்று சுண்டல் கடை போடுவது எளிது. முன்கணக்கு எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாமான் வாங்க வேண்டும்.

கொண்டைக்கடலை 3 கிலோ. ஊறி வெந்தால் இரு மடங்குக்கும் சற்று மேலே வரும். 50 கிராம் பொட்டலமாக 120 தேறும். மாதிரிக் கணக்கு: கடலை 330, தேங்காய் 120, எண்ணெய் தாளிப்பு 70, பொட்டலத் தாள் 50, கேஸ் 80, ஆக 650. பொட்டலம் 10 ரூபாய் என்றால் 65 பொட்டலம் விற்றால் முதல் வந்துவிடும். அந்த 65 என்ற எண்ணை அட்டையில் எழுதிக் கடைமுன் தொங்கவிடுங்கள். 66ஆவது பொட்டலம் விற்கும்போது பிள்ளைகள் கத்துவதைத் தனியாகப் பார்க்கலாம்.

கெடுவது மூன்று இடத்தில். முந்தின நாள் ராத்திரியே ஊறவைக்க மறந்தால் கடலை வேகாது. 8 மணி நேரமாவது ஊற வேண்டும். சிநேகிதர்கள் ‘அப்புறம் தாரேன்’ என்று வாங்கிப்போவார்கள். கடன் நோட்டு ஒன்று வைத்து, கையெழுத்துப் போட்டால்தான் தருவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மூன்றாவது, விற்கும் பிள்ளைகளே தின்று தீர்ப்பது. அதை எப்படியும் தடுக்க முடியாது. முன்கணக்கிலேயே 10 பொட்டலம் ‘எங்களுக்கு’ என்று எழுதவைத்துவிடுங்கள்.

9. சேமிப்பு: கணக்கு தொடங்கும் தேதியும் முக்கியம்

உண்டியலில் தொடங்கலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். பணம் போடும் சலானையும் எடுக்கும் படிவத்தையும் முன்கூட்டியே வாங்கிவந்து வகுப்பில் நிரப்பிப் பழகச் சொல்லுங்கள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள்.

அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து உண்டு, 5 வருடம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மாதத்தின் 15ஆம் தேதிக்குள் கணக்கு தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. தவறினால் 100-க்கு 1 ரூபாய் வீதம் பிடிப்பார்கள். வாழை வீட்டு அட்டையை எடுத்து, அந்த வீடு எந்தத் தேதியில் கணக்கு தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். 18-க்குப் பிறகு என்று யாராவது சொன்னால் நீங்கள் நடத்திய ஐந்தாம் படி போய்ச் சேர்ந்திருக்கிறது.

8ஆம் வகுப்பில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ் பற்றிச் சொல்லுங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. கணக்கில் வந்து விழுந்த பிறகுதான் அதை வரவாக எழுத வேண்டும். வரப்போகும் உதவித்தொகையை நம்பி இன்றைக்குக் கடன் வாங்கக் கூடாது.

10. மோசடி

அரைப் பாடவேளை போதும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புறேன், பின் போடுங்க’ என்று யார் சொன்னாலும் அது திருட்டு. ஏமாந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், நேரம் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகிவிடும். வீட்டில் ஜிபே இயக்குவது பெரும்பாலும் பிள்ளைகள்தான் என்பதால் இந்தப் பாடம் அவர்கள் வழியாகவே வீட்டுக்குப் போகும். செங்கோட்டை தாண்டினால் கிடைக்கும் கேரள லாட்டரி பற்றிய கேள்வியும் வரும். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை.

11. மதிப்பெண், கணக்கு வாசிப்பு

யார் அதிகம் சேமித்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். காசு அதிகம் வாங்கிவரும் பிள்ளைதான் ஜெயிக்கும். 20 மதிப்பெண் என்றால், 14 நாளும் கையிருப்பு எண்ணப்பட்டதற்கு 7, கொட்டைக் கணக்கு ஒத்துவந்ததற்கு 5, பள்ளத்தைக் குறைக்கச் சொன்ன யோசனைக்கு 5, சுண்டல் கடையின் முன்கணக்குக்கும் உண்மைக் கணக்குக்கும் இடையே எங்கே வித்தியாசம் வந்தது என்று எழுதியதற்கு 3.

சுண்டல் கணக்கைக் கொடைக் கணக்கு மாதிரியே கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் வாசிக்க, மற்ற எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். நஷ்டம் வந்தாலும் வாசிக்க வேண்டும். மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்று அந்த இடத்திலேயே கை தூக்கி முடிவு செய்து நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போட்டால் அந்தப் பணம் யாருடைய டப்பாவிலாவது காணாமல் போகும்.

புளியங்கொட்டையை அடுத்த வருடத்துக்கு வைப்பதானால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடியுள்ள டின்னில் வையுங்கள். அப்படியே பையில் கட்டி வைத்தால் வண்டு துளைத்துவிடும், ஜூலையில் எடுக்கும்போது பாதிப் பணம் மாவாகியிருக்கும்.